அம்மாவுக்கு என்னாச்சு?

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு முன்னால் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இதைப் பார்த்துவிடலாம். வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒன்றிரண்டு பிள்ளைகள் நிற்பார்கள். சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்ல, கூட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒரு கையில் ஓ.பி. சீட்டு, இன்னொரு கையில் அம்மாவின் மணிக்கட்டு. உள்ளே போனதும் டாக்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். ராத்திரி தூங்கினாங்களா? மாத்திரை விடாம போட்டாங்களா? தனியா பேசுறது குறைஞ்சிருக்கா? எல்லாவற்றுக்கும் பெரிய மனுஷி மாதிரி பதில் வரும். பிறகு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுக்கும் கவுன்ட்டருக்கு ஓட்டம். முதல் பீரியடு போய்விட்டது, மூன்றாவதுக்காவது வகுப்பில் இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மனநோய் என்றால் நாம் நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம். அக்கறை கொஞ்சம் கூடினால், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் கணவரை, மனைவியை, தள்ளாத வயதுப் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறோம். அதே வீட்டின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை யார் பேச்சிலும் வருவதில்லை. ‘சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். தெரியும். அதற்குத்தான் முதலில் தெரியும். அம்மாவின் குரல் ஏறுவதையும், அப்பா இரண்டு ராத்திரியாகக் கண் மூடாததையும் வீட்டில் வேறு யாரும் கவனிப்பதற்கு முன்பே அது கவனித்துவிடும். இது என்ன, ஏன் வந்தது, இனி என்ன ஆகும் என்பது மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு குறையைப் பற்றியது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சைக்குள் வரவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரிந்தது. கோளாறைப் பொறுத்து, சிகிச்சை கிடைக்காதவர்கள் 70-லிருந்து 90 சதவீதத்துக்கும் மேல். இந்த எண்கள் பெரியவர்களைச் சொல்கின்றன. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் தூங்கி எழும் பிள்ளைகளைச் சொல்வதில்லை.

‘கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்’

மேலை நாடுகளில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் மிகப் பலர் திருமணம் ஆகாதவர்கள். இங்கே கதை வேறு. சென்னையில் இந்த நோய் கண்டவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த டாக்டர் ஆர். தாராவும் அவருடைய சகாக்களும், அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் திருமணமானவர்கள் என்று பதிவு செய்தார்கள். நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பையன் ஒரு மாதிரி இருக்கிறான், ஒரு கால்கட்டு போட்டால் தெளிந்துவிடுவான். பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், கழுத்தில் தாலி ஏறினால் மாறிவிடுவாள். மாறவில்லையா? ஒரு குழந்தை பிறக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு குழந்தை, பிறப்பதற்கு முன்பே ஒருவருடைய நோய்க்கு மருந்தாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. நோய் தீராதபோது அந்தப் பழியும் அதன் தலையில்தான் விழும்.

இன்னொரு பக்கம், நோயை மறைத்துச் செய்த கல்யாணம் வெளியே தெரிந்ததும் முறிகிறது. 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், ஒன்றாக வாழ முடியாத அளவுக்கான மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நீதிமன்றம் வரை போகாமல் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுபவர்களும் உண்டு. பிள்ளையை அப்பா வீட்டார் வைத்துக்கொண்டால் அம்மா முகம் மறந்துபோகும். அம்மாவோடு அனுப்பிவிட்டால், மாமா வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கும் பிள்ளையாக அது வளரும்.

அப்பாவுக்கு நோய் என்றால் கஷ்டம் வேறு பக்கமாக வரும். சம்பளம் நிற்கும், அம்மா வேலைக்குப் போவார், தம்பி தங்கையை மூத்தது பார்த்துக்கொள்ளும். குடிநோயும் மனநலக் கோளாறுதான். தமிழ்நாட்டில் அதன் நிழலில் வளரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே ஓர் இதழ் போட வேண்டும்.

குடத்துத் தண்ணீர்

கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். முப்பதுகளில் இருக்கிறார், சென்னையில் வேலை. பெயர் வேண்டாம் என்றார். அம்மா உயிரோடு இருக்கிறார், ஊரில் அக்கம்பக்கம் இருக்கிறது.

அவர் நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதிர்வீட்டுக்காரி தண்ணீரில் விஷம் கலக்கிறாள். பிடித்து வைத்த குடங்கள் எல்லாம் முற்றத்தில் கொட்டப்படும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதே காலையில் ஒரு மணி நேரம். இந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்தார். குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்ததும் அம்மாவுக்கு எதிரே நின்று ஒரு டம்ளர் மொண்டு, முழுவதையும் குடித்துக் காட்டுவார். அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் அன்றைக்குச் சமையல் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் காலையில் விஷம் இல்லை என்று நிரூபித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது.

அதைவிட அவரை வாட்டியது மாத்திரை. தனக்கு நோய் இருப்பதாக அம்மா நம்பவில்லை, அதனால் மாத்திரை போட மாட்டார். பெரியவர்கள் கூடிப் பேசி, காபியில் பொடித்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் ஏராளமான வீடுகளில் நடப்பதுதான். யார் கொடுத்தாலும் சந்தேகப்படும் அம்மா, மகள் கொடுத்தால் குடிப்பார் என்பதால் வேலை மகளிடம் வந்தது. ஆறு மாதம் நன்றாகப் போனது. அம்மா தலை பின்னிவிட்டார், சிரித்தார், தீபாவளிக்கு முறுக்குச் சுற்றினார். ஒருநாள் டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த வெள்ளைத் துகளைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு மகள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அம்மா அடித்ததெல்லாம் மறந்துபோச்சு, அந்தப் பார்வை மட்டும் மறக்கலை என்றார் அவர்.

இதை ஒரு குடும்பத்தின் கொடுமையாக நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவர்களும் வேறு வழி தெரியாமல்தான் செய்தார்கள். ஆனால் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பொய் சொல்லி மருந்து கொடுக்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் தரவே கூடாது.

இதோடு சேர்ந்து வீட்டு ரகசியத்தைக் காக்கும் வேலையும் உண்டு. தோழிகளை வீட்டுக்கு அழைக்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்துக்கு ‘அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி மிஸ்’ என்று சொல்லி வைக்க வேண்டும். அந்த இரண்டு சொல் எத்தனை வீடுகளின் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது! தியேட்டரில் யாரோ யாரையோ ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்றதும் அரங்கமே சிரிக்கும்போது, சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமோ என்று கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும். 1794-ல் தொடங்கிய, இந்தியாவின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்றின் இருப்பிடத்தை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது நம் சினிமா. அந்த வசனத்தை எழுதியவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை நினைத்திருக்க மாட்டார்கள். இனியாவது நினைக்க வேண்டும்.

‘உன்னைப் பெத்ததுல இருந்துதான்…’

அந்தக் கும்பகோணம் பெண்ணின் அப்பாயி அடிக்கடி சொன்ன வாக்கியம் அது. உன்னைப் பெத்ததுல இருந்துதான் இவளுக்கு இப்படி.

மருத்துவ ரீதியாக அதில் ஒரு துளி உண்மை ஒட்டியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருகிறது. ஊரில் ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்பார்கள். உடலுக்குள் நடக்கும் பெரும் மாற்றம், தூக்கமின்மை, ஏற்கெனவே இருக்கும் நோய்ச்சாய்வு எல்லாம் சேர்ந்து அதைக் கொண்டுவருகின்றன. உடனே சிகிச்சை கொடுத்தால் மிகப் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அதுவே நீண்டகால நோயின் முதல் அடியாக இருக்கும். இதில் குழந்தை செய்தது எதுவும் இல்லை. ஆனால் எட்டு வயதில் அப்பாயி சொல் வேதவாக்கு. நான் பிறந்ததால் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்தது என்று அது முடிவுகட்டிக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்து அந்தக் கடனை அடைக்கப் பார்க்கும். முதல் ரேங்க் எடுக்கும், எதுவும் கேட்காது, அழாது. ஆசிரியர்கள் அதைப் பொறுப்பான பிள்ளை என்று மெச்சுவார்கள். அளவுக்கு மீறிப் பொறுப்பாக இருக்கும் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓர் ஆசிரியர் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

தாயையும் சிசுவையும் பிரிக்காமல் சேர்த்தே சிகிச்சை தரும் பிரிவை நிம்ஹான்ஸ் 2009-ல் தொடங்கியது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அதன் 21-வது பிரிவு. ஆபத்து இருந்தால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அந்த முடிவை 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30 நாளைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் மூன்று வயது ஆனதும் அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. நோயாளி சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதி 18 வயது நிரம்பாதவராக இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்த வேலையைக் கையெழுத்து போடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மருத்துவமனைக்கு வரும் முன் பல குடும்பங்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகின்றன. திருச்சி அருகே குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கும் வழக்கம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக்கும் போவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, வழக்குகள் நடந்தன. இறந்தவர்களில் யாருக்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களிடம் யார் எப்படிச் சொன்னார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நம்பிக்கையோடு கோயிலுக்குப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மருந்தும் கூடவே இருக்கட்டும். அம்மாவுக்குத் துணையாகத் தங்கும் பிள்ளையின் படிப்பு என்னவாகிறது என்பதையும் யாராவது பார்க்கட்டும்.

நூலைப் போல சேலையா?

இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் விடாமல் துரத்தும் பழமொழி ஒன்று உண்டு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. கோபம் வந்தால், இரண்டு நாள் தூக்கம் வராவிட்டால், ‘ஆரம்பிச்சிடுச்சோ’ என்று தங்களைத் தாங்களே வேவு பார்ப்பார்கள். பெண் பார்க்க வருபவர்களும் அதே பழமொழியைத்தான் மனதில் வைத்துக்கொண்டு விசாரிப்பார்கள்.

உண்மை என்ன? மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது என்றால், பெற்றோரில் ஒருவருக்கு அது இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வர வாய்ப்பு உண்டு. கூடுதல்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே கணக்கின் மறுபாதி, பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நோய் வருவதில்லை என்பது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை? மனச்சோர்வு, பதற்றம் போன்றவை இவர்களுக்குச் சற்று அதிகம் வருவதுண்டு. அதற்கு மரபணு மட்டும் காரணமில்லை. தனிமை, பயம், வறுமை, சொல்ல முடியாத ரகசியம் எல்லாம் சேர்ந்துதான். மரபணுவை நாம் மாற்ற முடியாது, மற்றவற்றை மாற்றலாம்.

சுவிட்சர்லாந்தின் மன்ஃபிரெட் பிளாய்லர் தம் நோயாளிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972-ல் எழுதிய நூலில், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாக வளர்ந்தார்கள் என்று சொன்னார். அமெரிக்காவின் நார்மன் கார்மெசி, மனச்சிதைவு நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகள் எப்படிக் கெடுகிறார்கள் என்று பார்க்கப் போனவர், நன்றாக வந்த பிள்ளைகளைக் கண்டு அது எப்படி என்று ஆராயத் தொடங்கினார். ஹவாய்த் தீவான கவாயில் 1955-ல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். பெற்றோரின் மனநோய் உட்பட பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவராக வந்தார். அவர்கள் வாழ்க்கையில் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, நிலையாக அக்கறை காட்டிய ஒரு மனிதர். அந்த ஒருவர் பாட்டியாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், கணக்கு வாத்தியாராகவும் இருக்கலாம்.

கும்பகோணம் பெண்ணுக்கு அது பக்கத்துத் தெருத் தையல்கார அக்கா. பள்ளி விட்டதும் அவர் கடையில் போய் உட்கார்ந்து பொத்தான் தைப்பார். அக்கா ஒன்றும் கேட்டதில்லை. அம்மா சத்தம் போடும் ராத்திரிகளில் மட்டும் கடை விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார். இங்கே வரலாம் என்று அதற்கு அர்த்தம்.

எல்லாவற்றையும் அன்பு தாங்கிவிடும் என்று சொல்லிவிட முடியாது. நோயின் உச்சத்தில் பிள்ளைக்கு அடி விழும் வீடுகள் உண்டு, பட்டினி கிடக்கும் வீடுகள் உண்டு, பெற்றோரின் தற்கொலை முயற்சியை நேரில் பார்த்த பிள்ளைகள் உண்டு. அங்கே பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. 1098 அதற்கான எண். பக்கத்து வீட்டுக்காரர் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

எப்படிச் சொல்வது?

பிள்ளைகளின் மனதில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நாலைந்து கேள்விகள்தான். என்னால வந்துச்சா? அம்மா சரியாயிடுவாங்களா? எனக்கும் வருமா? அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா என்னை யார் பார்த்துப்பாங்க? ஐந்து வயதானாலும் பதினைந்து வயதானாலும் கேள்விகள் இவைதான், பதிலின் நீளம்தான் மாறும்.

சின்னப் பிள்ளையிடம், அம்மாவுக்கு மூளையில் ஒரு நோய், அதனால் சில நேரம் இல்லாத குரல் காதில் கேட்கிறது, அது நீ செய்ததால் வரவில்லை, டாக்டர் மருந்து கொடுக்கிறார், அம்மா கத்தினால் நீ பெரியம்மா வீட்டுக்குப் போய்விடு என்று சொன்னால் போதும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடலாம். பதினைந்தில் மரபு பற்றிய எண்களையும் சொல்லலாம். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. சரியாகாத நாளில் பிள்ளை நம்பிக்கை இழப்பது நம் மீதுதான். அம்மா நன்றாக இருக்கும் நாட்களில் அம்மாவே சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ‘நான் அப்படிப் பேசினது நோய்ல. எனக்கு உன்மேல கோபம் இல்லை’ என்று அம்மா வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருக்கும் பாதி இறங்கிவிடும்.

கும்பகோணம் பெண்ணுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு மகன். ஊருக்குப் போயிருந்தபோது, பாட்டி ஏன் செவுத்துக்கிட்ட பேசுறாங்க என்று கேட்டிருக்கிறான். வழக்கம்போல ‘சும்மா இரு’ என்று அடக்காமல் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு, பாட்டி பேசறதுக்கு அந்தக் குரல் பதில் சொல்லுமா என்றானாம். பாட்டியிடமே கேட்டிருக்கிறார்கள். சொல்லும், ஆனா ஊசி போட்டா ரெண்டு வாரம் வாயைத் திறக்காது என்றாராம் பாட்டி. மருந்து வேலை செய்கிறது என்பதை அந்த அம்மா தன் வாயால் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

பண உதவியும் பேச வேண்டிய விஷயம். பெற்றோரால் பராமரிக்க இயலாத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். தாயோ தந்தையோ இறந்து, இருக்கும் ஒருவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. அதில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பங்களுக்கு அங்கேயே இதைச் சொல்லிவிட்டால் இரண்டு பஸ் மாறி அலைவது மிச்சம்.

நோயாளியின் பிள்ளைகளைக் கவனிப்பதை நார்வே 2010-லேயே சட்டமாக்கிவிட்டது. மனநோய், போதைப் பழக்கம், கடும் உடல்நோய் என எதற்காக ஒருவர் சிகிச்சைக்கு வந்தாலும், அவருக்கு 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கிறதா என்று விசாரித்து, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தகவலும் உதவியும் கிடைக்கிறதா என்று பார்ப்பது அங்கே மருத்துவப் பணியாளரின் கடமை. நாம் அந்தச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களில் மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, இப்போது யாரோடு இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளலாம். கூட வந்திருக்கும் பிள்ளையை ஐந்து நிமிடம் தனியாக உட்கார வைத்து, உனக்கு ஏதாவது கேட்கணுமா என்று கேட்கலாம். அடுத்த முறை அம்மாவைக் கூட்டிவர வேறு பெரியவர் யார் என்று தீர்மானித்து, அவருடைய செல்போன் எண்ணையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.